ஒலிப்பதிவுக்கு முன் செய்ய வேண்டிய அமைப்புகள்

அந்தமான் தீவுகளில் அகா-போ மொழியைப் பேசிவந்தவர்களுள் கடைசியானவராகிய போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காலமானார். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி முன்னரே பதிவு செய்து வைத்தமையால், அவருடைய குரலை இன்றும் கேட்க முடிகிறது. இத்தகைய பதிவை மறுமுறை செய்வதற்கில்லை. ஆகவே, கணிப்பொறியில் ஒலியைப் பதிவு செய்ய முற்படும் களப்பணியாளரும் ஆசிரியரும், மென்பொருளின் அமைப்புகளை முன்கூட்டியே சரிவர நிர்ணயித்துக்கொள்ளுதல் அவசியமாகும். பதிவின்போது விடுபட்டதைப் பின்னர் மீட்பது அரிது.

மாதிரி வீதம்: ஒலி என்பது காற்றில் தொடர்ந்து நிகழும் அழுத்த மாறுபாடு. கணிப்பொறி அதனை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. இவ்வளவுகளே மாதிரிகள் எனப்படும். பதிய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கிற்கும் மேலாக மாதிரி வீதம் இருத்தல் வேண்டும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது. ஆதலின், 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டிற்கு 44,100 ஹெர்ட்ஸ் வீதம் கொள்ளப்பட்டது. ஆவணப் பதிவிற்கு 48,000 ஏற்றது.

ஒலிக்கருவியிலும் மென்பொருளிலும் வீதம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். 44,100 வீதத்தில் பதிந்ததை 48,000 எனத் தவறாகக் கொண்டு ஒலிக்கச் செய்தால், ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 55 நிமிடங்களில் முடிந்துவிடும்; பாடியவரின் சுருதியும் சுமார் ஒன்றரை சுரஸ்தானம் உயர்ந்துவிடும்.

பிட் அளவு: ஒவ்வொரு மாதிரியும் எத்துணை நுட்பமாக அளக்கப்படுகிறது என்பதை இது குறிக்கும். 16 பிட்டில் 65,536 படிகளும், 24 பிட்டில் 1,67,77,216 படிகளும் உள்ளன. மெல்லிய குரலும் உரத்த பறையும் அடுத்தடுத்து வரும் இடங்களில் 24 பிட்டே நலம்.

ஒலி மட்டம்: அளவுகோலின் உச்சி பூஜ்யம் டெசிபெல். அதனைத் தாண்டும் அலையின் முகடு வெட்டுண்டு கரகரப்பாகக் கேட்கும். மிக உரத்த இடமும் கழித்தல் 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு மட்டத்தைக் குறைத்து வைத்தல் நன்று.

பஃபர்: மாதிரிகளைக் கணிப்பொறி சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கையாளுகிறது. 48,000 வீதத்தில் 256 மாதிரிகள் கொண்ட தொகுதிக்கு ஆகும் காலம் 5 மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். 1,024 மாதிரிகளுக்கு 21 மில்லி வினாடி. பாடுபவர் தம் குரலைக் கணிப்பொறி வழியே உடனுக்குடன் கேட்க வேண்டுமாயின் சிறிய தொகுதி தேவை. வெறும் பதிவிற்குப் பெரிய தொகுதியே பாதுகாப்பானது. மிகச் சிறிதாயின் கணிப்பொறி ஈடுகொடுக்க முடியாமல் இடையிடையே ஒலி அறுபடக்கூடும்.

கோப்பு: எம்பி3 முறை இடத்தை மிச்சப்படுத்த ஒலியின் ஒரு பகுதியை நீக்கிவிடுகிறது. ஆகையால் மூலப் பதிவை வேவ் கோப்பாகவே வைத்தல் வேண்டும். ஒற்றைத் தடத்தில், 48,000 வீதம், 24 பிட் அளவில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 52 கோடி பைட்டு இடம் தேவைப்படும்.

இவ்வாறு அமைத்தபின், ஒரு நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேட்டறிக. குறை இல்லையெனில், அமைப்புகளைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பாடுபவரை அழைக்கலாம்.