படபடப்பு நின்றால் குளிசையும் நிற்கலாமா?

நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், "பழசை எல்லாம் யோசிக்காதே" என்று வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட நமக்கு அந்தப் பதில் சரியாகவே தோன்றும். ஆனால் எல்லாப் படபடப்பும் பயத்தினால் வருவதல்ல. நாடித்துடிப்பு ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் ஒழுங்கில்லாமல் வந்தால், இருதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஈ.சீ.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும்.

முதுமை, உயர் இரத்த அழுத்தம், தைரொயிட் நோய் என்பன இதற்குக் காரணமாகலாம். சிறுவயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து வந்த வாதக்காய்ச்சல், இருதய வால்வைச் சுருக்கிவிடுவதும் ஒரு காரணம். நெருக்கடியான லயங்களிலும் முகாம்களிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பசறை, லுணுகலைப் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருவர் பதுளை பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பஸ் காசு வேறு. எனவே உடம்பு சுகமானதும் குளிசையை நிறுத்தத் தோன்றுவது இயல்பே. ஆனால் எந்தக் குளிசை, எதற்கு என்று அறியாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

ஒருவகைக் குளிசைகள் துடிப்பின் ஒழுங்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்பவை. அமியோடரோன், பிசோபுரோலோல், டிகொக்சின் இவ்வகை. மின் அதிர்ச்சி மூலமோ, குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சை மூலமோ துடிப்பு சீரான பின், சில மாதங்களில் வைத்தியர் இவற்றுள் சிலவற்றைக் குறைத்து நிறுத்தக்கூடும். பிசோபுரோலோலைத் திடீரென விட்டால் இருதயம் வேகமெடுக்கலாம். அமியோடரோன் நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடலில் தங்கும். ஆகவே நிறுத்திய வாரத்தில் சுகமாக இருப்பது எதற்கும் சான்றல்ல.

மற்ற வகை, இரத்தம் உறையாமல் காக்கும் வார்பரின். நடுங்கும் இருதயத்தில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரும். இந்நோய் அந்த ஆபத்தை ஏறக்குறைய 5 மடங்காக்குகிறது. வால்வுச் சுருக்கமும் சேர்ந்தால் 17 மடங்கு என்று அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஆய்வு 1978இல் காட்டியது. படபடப்பு நின்றாலும் இந்த ஆபத்து நீங்காதிருக்கலாம். 24 நாடுகளில் வாதக்காய்ச்சல் இருதய நோயாளர் 4,500 பேரளவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், புதிய மருந்தான ரிவரொக்சபானைவிட வார்பரின் வகை மருந்தே உயிர்களைக் கூடுதலாகக் காத்தது. அதில் பங்குபற்றியோரில் பத்தில் ஏழு பேர் பெண்கள்.

அமியோடரோன் வார்பரினின் வேகத்தைக் கூட்டும். அதனால் அமியோடரோனை நிறுத்தும்போது ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து வார்பரின் அளவைத் திருத்த வேண்டும். வார்பரின் கருவைப் பாதிக்கக்கூடியது. பிள்ளை பெற விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசவேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

சகோதரிகளே, கிளினிக்கில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இந்தக் குளிசை எதற்கு? எவ்வளவு காலத்துக்கு? நிறுத்துவதானால் எப்படி? பதிலைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்தக் கொப்பியும் குளிசைகளும் அடையாள அட்டையோடு ஒரே பையில் இருக்கட்டும்.

வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் காத்திருக்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசமாக வரும்.