அழகுக் காருக்கு ஆற்றல் தந்தவர்

புறத்தோற்றப் பொலிவு மட்டும் ஒரு பொருளை நெடுநாள் வாழவைத்துவிடுமா? அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காராகிய ஷெவர்லே கொர்வெற்றின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1953ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயோர்க் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் நடத்திய கண்காட்சியிலே இக்கார் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. ஹார்லி ஏர்ல் என்னும் வடிவமைப்பாளரின் கனவு அது. உருக்குத் தகட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி நாரினாலான உடல்; வெண்ணிற மேனி; உள்ளே செந்நிற இருக்கைகள். கண்டோர் மனத்தைப் பறிகொடுத்தனர். அவ்வாண்டில் 300 கார்களே செய்யப்பட்டன.

ஆனால், ஓட்டிப் பார்த்தோர் உள்ளம் நிறைவடையவில்லை. ஆறு சிலிண்டர் இயந்திரம் தந்தது 150 பரிவலு, கியர்களோ இரண்டே. கதவுகளில் ஏற்றியிறக்கும் கண்ணாடிகள் கிடையா. மழை வந்தால் திரைகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். விலையோ ஏறக்குறைய 3,500 டொலர். 1954இல் செய்யப்பட்ட 3,640 கார்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆண்டிறுதியில் விலைபோகாது தேங்கிற்று. இதனைக் கைவிட்டுவிடலாமா என்ற எண்ணம் நிறுவனத்தில் தலைதூக்கியது.

அவ்வேளையிற் குரல் கொடுத்தவர் சோரா ஆர்க்கஸ் டன்ரோவ் என்னும் பொறியியலாளர். ரஷ்யப் பெற்றோருக்கு 1909இல் பிரசெல்ஸ் நகரிற் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். கண்காட்சியில் இக்காரைக் கண்டு மயங்கி, அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்திற் பணியேற்றார். 1954 ஒக்டோபரில் மேலதிகாரிகளுக்கு அவர் ஒரு குறிப்பு எழுதினார். போட்டி நிறுவனமான போர்ட் தண்டர்பேர்ட் காருடன் களமிறங்கும் நேரத்திற் பின்வாங்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பது அதன் சாரம்.

கொர்வெற் பிழைத்தது. 1955இல் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் வந்து, வலு 195 ஆயிற்று. 1957இல் அது 283 வரை உயர்ந்தது. 1956இல் டேட்டோனாக் கடற்கரை மணலில் மணிக்கு 150 மைல் வேகத்திற் கொர்வெற்றை ஓட்டி, அதன் திறனை டன்ரோவ் தாமே மெய்ப்பித்தார். அழகினால் அறிமுகமான கார் ஆற்றலினால் நிலைபெற்றது.

இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னால் அமைய வேண்டுமென்று அவர் பல்லாண்டு வாதாடினார். அது மட்டும் அவர் காலத்திற் கைகூடவில்லை. 1996இல் காலமான அவரது அஸ்தி, கென்ரக்கி மாநிலத்திலுள்ள கொர்வெற் அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது. 2019இல் வெளியிடப்பட்ட புதிய கொர்வெற்றில், அவர் விரும்பியவாறே இயந்திரம் பின்னால் அமைந்தது.