யாரு தம்பி செத்துட்டா?

போன தை மாதம் எங்கள் ஊரில் சின்னதாக ஒரு நெல் திருவிழா நடத்தினோம். திருநள்ளாறு பக்கம் கிராமம். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று விதை மாற்றிக்கொள்ள ஐம்பது, அறுபது விவசாயிகள் வந்தார்கள். பறையடித்துத் தொடங்கலாமே என்று தெற்குத் தெருப் பெரியவரைக் கூப்பிடப் போனேன்.

“யாரு தம்பி செத்துட்டா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரத்தோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. நம் மருத நிலத்துக்கு உரியதாக நெல்லரிகிணையைச் சொல்கிறார்கள். நெல் அறுக்கும்போது முழங்கும் பறை அது. அறுவடையில் முழங்கியதை இழவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது சாதிதான்.

சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். ஊர்க்கூட்டமா, வாய்க்கால் வெட்டா, தண்டோரா போட அவர்தான் வரவேண்டும். ஊரையே கூட்டியவர், களத்து ஓரமாக நின்று கூலிநெல் வாங்கிப் போவார். பொடிப்பயல்கள் நாங்களும் அவரை ‘வா, போ’ என்றோம். பக்கத்தில் தமிழ்நாட்டில் தண்டோரா வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டதே 2022 ஆகஸ்டில்தான்.

திருவிழா அன்று வைக்கோல் கேட்டார். தீ மூட்டி, பறையைக் காட்டி, விறைப்பு ஏறிவிட்டதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். “இப்பப் பசங்க ஃபைபர்ல அடிக்கிறாங்க தம்பி. காய்ச்ச வேணாம், மழைக்கும் தாங்கும். மாடு இருந்தாத்தானே தோலு?” என்றார். மாடு போனால் எரு போகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிற எனக்கு, பறையும் போகும் என்று தோன்றியதே இல்லை.

அவர் அடித்த அடியில் வயலில் நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். மதியம் பந்தி போட்டோம். ஆளைக் காணோம். தேடிப் போனால், புளியமரத்தடியில் தனியாக நிற்கிறார். “எல்லாரும் சாப்புடட்டும் தம்பி” என்றார். கையைப் பிடித்து அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். பேச வந்தவருக்குக் கொடுத்த அதே தொகையை அவருக்கும் கொடுத்தோம்.

“அடுத்த வருஷம் ஒங்க மகனையும் கூட்டிட்டு வாங்கய்யா” என்றேன்.

“அவன் இதத் தொடவே மாட்டேங்கிறான். இன்னிக்கி நடந்தத சொல்லிப் பாக்குறேன்” என்றார்.

வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் நாமெல்லாம் கை தட்டினோம். அது சரி. உங்கள் ஊர் விதைத் திருவிழாவுக்குப் பறை வைக்கிறீர்களா? அடிக்கிறவருக்குப் பந்தியில் எங்கே இலை போடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.