விளங்கிற்றா?

பிறமொழி ஒன்றைக் கற்கத் தொடங்குபவன் முதன்முதலிலே தேடிக்கொள்வது ‘எனக்கு விளங்கிற்று’ என்பதற்குரிய சொல்லையே. விளங்காத வேளையிலும் அது கைகொடுக்குமல்லவா! 1979ஆம் ஆண்டிலே கல்வியின் நிமித்தம் கராச்சி நகருக்குச் சென்ற நானும் அவ்வாறே செய்தேன். நான் தங்கியிருந்த வீட்டிலே மூத்த பெண்பிள்ளை தன் தாயார் ஏவிய வேலைக்கெல்லாம் ‘சமஜ் கயீ’ என்று விடை கூறுவாள். அதனை அப்படியே மனனஞ் செய்து, மறுநாட் காலையிலே தாயாரிடம் ஒப்புவித்தேன். வீட்டுச் சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். பெண் சொன்னால் ‘கயீ’, ஆண் சொன்னால் ‘கயா’. தமிழிலே ‘விளங்கிற்று’ என்று யாவரும் சொல்லலாம். உருதுவிலோ ‘சமஜ் கயா’ என்று விளங்கிக்கொண்டவன் ஆணா பெண்ணா என்பதும் வெளிப்பட்டுவிடுகின்றது.

‘சமஜ்னா’ என்பதே விளங்கிக்கொள்ளுதலைக் குறிக்கும் வினை. உருது பாரசீக, அரபுச் சொற்கள் மலிந்த மொழியென்பது உண்மையே. ஆயினும் இச்சொல் அவ்வழியே வந்ததன்று. வடமொழியின் ‘புத்’ என்னும் அடியிலிருந்து பிராகிருதத்தின் வாயிலாக வந்து சேர்ந்தது. நாம் வழங்கும் ‘புத்தி’ என்ற சொல்லும், புத்தர் பெருமானின் திருநாமமும் அதே அடியிற் பிறந்தவை. அரபு மொழி தந்த ‘ஃபஹ்ம்’ என்னும் சொல்லும் உருதுவிலே உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சிலே அது பெரும்பாலும் ‘கலத் ஃபஹ்மீ’, அதாவது தப்பபிப்பிராயம் என்ற தொடரிலேதான் காதில் விழும். விளங்கிக்கொள்ள ஒரு மொழியின் சொல்லையும், பிழையாக விளங்கிக்கொள்ள வேறொரு மொழியின் சொல்லையும் வைத்திருக்கும் வேடிக்கையை என்னென்பது!

‘சமஜ் கயா’ என்பதிலுள்ள ‘கயா’ உண்மையிலே ‘போனான்’ என்று பொருள்படுவது. ஆனால் இங்கே யாரும் எங்கும் போவதில்லை. ‘விளங்கிவிட்டது’ என்னும்போது நாம் ‘விட்டது’ என்பதைச் சேர்ப்பது போல, காரியம் முடிந்ததென்பதை அது காட்டுகின்றது. ‘மேரீ சமஜ் மே ஆ கயா’ என்றும் சொல்வர். என் அறிவினுள்ளே அது வந்து சேர்ந்தது என்பது கருத்து. ‘நான் விளங்கினேன்’ என்னாது ‘எனக்கு விளங்கிற்று’ என்னும் நமக்கு இவ்வழக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரு வழுக்குமிடமும் உண்டு. ‘மை சம்ஜா’ என்றால் ‘விளங்கிற்று’ என்றும் பொருளாகும். ‘அப்படி நினைத்துவிட்டேன்’ என்றும் பொருளாகும். ‘நீங்கள் போய்விட்டீர்கள் என்று எண்ணினேன்’ என்பதற்கும் இதே வினைதான்.

இவையெல்லாவற்றையும்விட மிகுதியாக வழங்குவது ‘அச்சா’. ‘நல்லது’ என்பது அதன் நேர்ப்பொருள். சம்பாஷணையிலே அது எடுக்கும் வேடங்களோ பல. நீட்டி வியப்போடு சொன்னால் ‘அப்படியா!’ என்றாகும், இறக்கிச் சொன்னால் ‘சரி’ என்றாகும், இரண்டு மூன்று முறை அடுக்கினால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த வேற்றுமை அறியாமல் ஒரு தையற்காரரிடம் நான் ஏமாந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சட்டை வேண்டுமென்று கூறியபோது அவர் ‘அச்சா, அச்சா’ என்றார். வெள்ளியன்று சென்று பார்க்கையிலே துணி துணியாகவே கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னது காதில் விழுந்தது என்றாரேயன்றி, தைத்துத் தருவதாக வாக்களிக்கவில்லை. வாக்குறுதி வேண்டுமாயின் ‘டீக் ஹை’ என்ற சொல் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதுவும் எல்லாத் தையற்காரரிடத்தும் பலிக்குமென்பதற்கில்லை.

மரியாதைக்குரியது ‘ஜீ’ என்னும் ஓரெழுத்துச் சொல். பெரியவர் பேசும்போது இடையிடையே தாழ்ந்த குரலில் ‘ஜீ’ என்பது நமது ‘ஓம், ஐயா’ போன்றது. அதனையே கேள்வியாக உயர்த்தினால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று பணிவாகக் கேட்டதாகும். தெற்கே ஐதராபாத்தின் தக்கணி உருதுவிலே ‘ஆம்’ என்பதற்கு ‘ஹௌ’ என்பார்கள். நம் ‘ஓம்’ எனக்கு நினைவுக்கு வரும்.

‘விளங்கிற்றா?’ என்று வினவுவதிலும் பக்குவம் உண்டு. ‘சம்ஜே?’ என்று வெட்டெனக் கேட்பது சிறுவரிடமே தகும். பெரியோரிடம் அவ்வாறு கேட்டால் அவரது அறிவைச் சந்தேகித்ததாக முடியும். ஆகவே பண்புடையோர் குற்றத்தைத் தம்மேல் ஏற்றி, ‘ஒருவேளை நான் சரியாக விளக்கவில்லைப் போலும்’ என்பர். பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பஞ்சாபியும் சிந்தியும் பஷ்டுவும் வீட்டிலே பேசுவோர் வெளியிலே உருதுவிற் சந்திக்கின்றனர். அத்தகைய நாட்டிலே இந்தப் பக்குவம் வெறும் அலங்காரமன்று. இதே வினையிலிருந்து ‘சம்ஜௌத்தா’, உடன்பாடு என்னும் சொல்லும் பிறந்தது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமிடையே 1976 முதல் ஓடிய புகைவண்டிக்கு அப்பெயரையே சூட்டினர். 2019இல் அது நிறுத்தப்பட்டது.

வீட்டுக்கார அம்மையாரை, ‘தாயின் சகோதரி’ என்னும் பொருளில், ‘காலா’ என்றே அழைப்பேன். 1947இல் நாடு பிரிந்தபின் லக்னோவிலிருந்து வந்தவர். ஒரு மாலை, அங்கே விட்டுவந்த தமது தமக்கையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கடிதங்கள் வந்ததும், பின் நின்றதும், இறப்புச் செய்தி நாற்பது நாள் கழித்துக் கிடைத்ததும் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் உருது அழகானது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்தப் பெருமிதத்திலே ‘சமஜ் கயா, காலா, சமஜ் கயா’ என்றேன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டு, தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு மூத்த பெண்தான் விளக்கினாள். ‘சமஜ் கயா’ என்று அடுக்கிச் சொன்னால், ‘தெரிந்துகொண்டேன், இனிப் போதும்’ என்று கதவைச் சாத்தியதாகும். ஒருவர் துயரத்தைக் கேட்கும்போது ‘மை சமஜ் சக்தா ஹூ’ என்று சொல்ல வேண்டும். ‘என்னால் விளங்கிக்கொள்ள இயலும்’ என்பதே அதன் பொருள். விளங்கிவிட்டதாக அது சொல்லவில்லை. முயலக்கூடியவன் என்று மட்டுமே சொல்கின்றது.

மறுநாள் மாலை நானே அருகிற் சென்று அமர்ந்து, தமக்கையாரின் பெயரைக் கேட்டேன். பின் அத்தொடரைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். காலா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். ‘அச்சா?’ என்றார். அது எந்த ‘அச்சா’ என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையிலே, கடிதங்கள் இருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவரும்படி மகளுக்குக் குரல் கொடுத்தார்.