டான்சில் ஆபரேஷன்: எந்த முறை நல்லது?

கோடை விடுமுறை வந்துவிட்டால் காது, மூக்கு, தொண்டை டாக்டர்களிடம் குழந்தைகள் கூட்டம் அதிகமாகிவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டான்சிலை எடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் அவசரப்படுகிறார்கள். எடுத்த கையோடு சொந்த ஊருக்கு ரயிலேறிவிடலாம் என்று, வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் கணக்குப் போடுவதும் உண்டு. இந்தக் கணக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது.

யாருக்குத் தேவை?

ஒரு தடவை வீங்கியதற்காக டான்சிலை எடுக்க வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் 7 தடவை, அல்லது 2 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 5 தடவை, அல்லது 3 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 3 தடவை கடுமையான தொண்டைப் புண் வந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். டான்சில் பெருத்து, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் குழந்தைகளுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. அவர்களை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கத்தியா, மின்சாரமா?

ஒரு காலத்தில் 'கில்லட்டின்' என்ற வெட்டுக் கருவியால் சில நிமிடங்களில் டான்சிலை அறுத்தெடுத்தார்கள். இன்று அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது.

கத்தி, கத்தரிக்கோல், கம்பிச் சுருக்கு கொண்டு பிரித்தெடுப்பது பழைய முறை. ரத்தக் குழாய்களை நூலால் கட்டிவிடுவார்கள். மின்சாரச் சூட்டால் எடுப்பது இன்னொரு முறை. ஆபரேஷனின்போது ரத்தம் அதிகம் போகாது. ஆனால் சூடு பட்ட இடத்தில் பின்னால் வலி கூடுதல்.

'கோப்ளேஷன்' என்பது புதிய முறை. உப்பு நீரில் ரேடியோ அலை மின்சாரத்தைச் செலுத்தி, குறைந்த சூட்டில் சதையைக் கரைக்கிறார்கள். கருவிக்குச் செலவு அதிகம். டான்சிலின் உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுப்பதும் உண்டு. இதில் வலியும் ரத்தப்போக்கும் குறைவு. சிலருக்கு மீண்டும் வளரலாம்.

2003-04ல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். பின்னால் ஏற்படும் ரத்தப்போக்கு, பழைய கத்தி முறையைவிடச் சூட்டு முறைகளில் அதிகம் என்று தெரிந்தது. புதியது என்பதாலேயே எல்லா வகையிலும் மேல் என்று சொல்லிவிட முடியாது. தம் கைக்கு நன்கு பழகிய முறையை டாக்டர் தேர்ந்தெடுப்பதே நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

தொண்டையில் வெள்ளைப் படலம் தெரியும். அது சீழ் அல்ல. புண் ஆறும் அடையாளம். மூன்றாம் நாளுக்கு மேல் வலி கூடலாம்; காதும் வலிக்கலாம். வலிக்கிறதே என்று குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. தண்ணீர், மோர், குழைந்த சாதம், இட்லி என்று அடிக்கடி கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், கோடீன் மருந்துகளைக் குழந்தைகளுக்குத் தரக் கூடாது.

முதல் 24 மணி நேரம் தாண்டிவிட்டால் அபாயம் நீங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். படலம் உரியும் 5 முதல் 10 நாட்களுக்குள் மறுபடி ரத்தம் கசியலாம். எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலும், குழந்தை தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்த நேரத்தில் குழந்தை ரயிலில் இருந்தால் என்ன செய்வது? அதனால் இரண்டு வாரங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு எட்டும் தூரத்திலேயே இருப்பது நல்லது. ஊரும் உறவும் எங்கும் போய்விடாது. பதினைந்து நாள் பொறுத்துப் போனால், பாட்டி கையால் முறுக்கையும் பயமில்லாமல் கடிக்கலாம்.