தெருவுல நிக்கிற அந்த நாய் யாரோடது?

தீபாவளிக்கு மறுநாள் காலையில உங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. "எங்க நாயைக் காணோம்"னு ஒரு மெசேஜ். "கேட் வாசல்ல ஒரு லாப்ரடார் நடுங்கிட்டு நிக்குது, யாரோடது?"ன்னு இன்னொண்ணு. சில சமயம் ரெண்டும் ஒரே நாயா இருக்கும். ஆனா ரெண்டு மெசேஜும் வேற வேற குரூப்ல சுத்திட்டு இருக்கும். இன்னைக்கு எபிசோடு இதைப் பத்தித்தான்.

தனியா நிக்கிற நாயைப் பார்த்ததும், "பாவம், தூக்கிட்டுப் போய் எங்கேயாவது சேர்த்துடலாம்"னு தோணும். அதுக்கு முன்னாடி அது யாரோடதுன்னு பார்க்கணும். தொலைஞ்ச நாய்க்கு வீடு வேற எங்கேயோ இருக்கு. தெரு நாய்க்கு அந்தத் தெருவேதான் வீடு. அதைத் தூக்கிட்டுப் போனா, நாமதான் அதைத் தொலைச்சதா ஆகும்.

முதல்ல காதைப் பாருங்க. ஓரத்துல அளவா வெட்டின அடையாளம் இருந்தா, அது கருத்தடை செஞ்சு, ரேபிஸ் தடுப்பூசி போட்ட தெரு நாய். 2023-ல வந்த மத்திய அரசு விதிகள்படி, அப்படிப்பட்ட நாயைப் பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும். பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட் மாதிரியான வளாகங்களுக்கு மட்டும் 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் வேற மாதிரி உத்தரவு போட்டுச்சு. வெட்டு இல்லாத தெரு நாயா? சென்னைன்னா 1913-க்கு போன் பண்ணி கருத்தடைக்குச் சொல்லுங்க.

வீட்டு நாயை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஜாதி நாயா இருக்கணும்னு அவசியமில்லை, நாட்டு நாயையும் நிறைய பேர் வீட்டுல வளர்க்கிறாங்க. கழுத்துல பெல்ட் போட்டு முடி தேய்ஞ்ச தடம் இருக்கும். நகம் நீளமா இருக்கும், தெரு நாய்க்கு அது ரோட்டுல தேய்ஞ்சிடும். ரோடு கிராஸ் பண்ணத் தெரியாம நடுவுல நிக்கும். அந்தத் தெரு நாய்களெல்லாம் சேர்ந்து அதைத் துரத்திட்டு இருக்கும்.

அடுத்ததா நம்ம ஊர்ல வழக்கமா நடக்கிறது: நாலு பேர் சுத்தி நின்னு "பிடி, பிடி"ன்னு கத்துவாங்க. பட்டாசுக்குப் பயந்து ஓடி வந்த நாய் அப்படியே மெயின் ரோட்டுக்குப் பாயும். ஆள் தெரியாம தெரு அடிபடுற நாய்கள்ல இப்படித் துரத்தப்பட்டதும் உண்டு. ஒரே ஒருத்தர் போதும். கொஞ்ச தூரத்துல பக்கவாட்டா திரும்பி உட்காருங்க, கண்ணை உத்துப் பார்க்காதீங்க. ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுட்டுக் காத்திருங்க. உறுமினா விட்டுடுங்க. கடிச்சிடுச்சுன்னா, கீறல்தான்னாலும், ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. "காதுல வெட்டு இருக்கே, ஊசி போட்ட நாய்தானே"ன்னு இருக்காதீங்க. அந்த ஊசி எப்போ போட்டதுன்னு காது சொல்லாது.

நாய் உங்ககிட்ட வந்துடுச்சா? பக்கத்து கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், மைக்ரோசிப் இருக்கான்னு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. அரிசி மணி அளவுல தோலுக்கடியில இருக்கும், படிச்சா 15 இலக்க நம்பர் வரும். பல பேர் அதை ஜிபிஎஸ்னு நினைக்கிறாங்க. நாய் எங்க இருக்குன்னு அது காட்டாது. அந்த நம்பரோட சரியான போன் நம்பர் பதிவாகியிருந்தாத்தான் பிரயோஜனம். அதனால நாய் வளர்க்கிறவங்க, சிப் இருந்தாலும் பெல்ட்லயே போன் நம்பரை எழுதி வைங்க. இருபது ரூபா செலவுதான்.

இன்ஸ்டாகிராம்ல போடுறது நல்லதுதான். ஆனா என் அனுபவத்துல அதைவிட வேகமான நெட்வொர்க் இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், நைட் வாட்ச்மேன். எந்த வீட்டு நாய் எதுன்னு அவங்களுக்குத் தெரியும். போட்டோவோட எல்லா அடையாளத்தையும் போட்டுடாதீங்க. வால் நுனியில வெள்ளைன்னா, அதை மட்டும் மறைச்சு வைங்க. "என் நாய்தான்"னு வர்றவர்கிட்ட அதைக் கேளுங்க, பழைய போட்டோவும் தடுப்பூசி புத்தகமும் காட்டச் சொல்லுங்க. விலை போற ஜாதி நாய்க்கு சொந்தக்காரங்க நிறைய பேர் கிளம்புவாங்க!

பூனை தொலைஞ்சா கதை வேற. வீட்டுக்குள்ளயே வளர்ந்த பூனை பெரும்பாலும் தூரம் போகாது. காருக்கு அடியில, சன்ஷேடு மேல, மோட்டார் ரூம் மூலையில சத்தமே இல்லாம பதுங்கியிருக்கும். ராத்திரி எல்லாம் அடங்கினதும் டார்ச் எடுத்துட்டுப் போங்க. கண்ணு மின்னும்.

ரெண்டு வாரம் ஆகியும் யாரும் வரலைன்னா, அது தொலைஞ்ச நாயா இல்லாம, கொண்டுவந்து விட்ட நாயா இருக்கலாம். வளர்ப்பு விலங்கைக் கைவிடுறது 1960-ம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சிசிடிவியில வண்டி நம்பர் கிடைச்சா போலீஸ்ல புகார் கொடுக்கலாம். ஷெல்டரை நான் கடைசி வழியாத்தான் சொல்வேன். சோபாவுல தூங்கிப் பழகின வயசான நாய், நூறு நாய் குரைக்கிற இடத்துல சாப்பாட்டையே நிறுத்திடும். அதுக்குப் பதிலா உங்க அபார்ட்மெண்ட்ல நாலு வீடு சேர்ந்து, ஆளுக்கு ஒரு வாரம்னு வச்சுக்கிட்டு, வளர்க்க ஆள் தேடுங்க.