கைனேஸ் தடுப்பான்கள்: புற்றுநோய்க்குக் கிடைத்த மருந்து பூஞ்சைக்கு ஏன் கிடைக்கவில்லை?

1964-இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு ஈஸ்டர் தீவுக்குப் போனது. பெரிய பெரிய கல் முகங்கள் வரிசையா நிற்குமே, அந்தத் தீவுதான். திரும்பி வரும்போது தீவின் மண்ணையும் மாதிரிக்கு எடுத்து வந்தார்கள். அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா, கேண்டிடா என்ற பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும் ஒரு பொருளைச் சுரப்பதை 1970-களில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது மான்ட்ரியலில் அயர்ஸ்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த சுரேந்திர நாத் சேகலின் குழு. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூயி என்பதால் பொருளுக்கு ரபமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

நல்ல பூஞ்சை மருந்தாக வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கியது. பூஞ்சைத் தொற்று வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தைக் கொடுக்க முடியுமா? அந்த முயற்சி அதோடு நின்றது. பிறகு அதே ரபமைசின் 1999-இல் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலிருந்து செய்த டெம்சிரோலிமஸ் 2007-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தானது. எதற்காகக் கண்டுபிடித்தார்களோ அந்தப் பூஞ்சைக்கு மட்டும் வரவே இல்லை.

ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், கைனேஸ் தடுப்பான்கள் என்ற மருந்து வகையின் அடிப்படைச் சிக்கல் புரிந்துவிடும். நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைனேஸ் என்றால் என்ன?

செல்லுக்குள் ஒரு புரதம் எந்நேரமும் வேலை செய்துகொண்டிருந்தால் குழப்பம்தான். தேவைப்படும்போது ஆன், வேலை முடிந்ததும் ஆஃப். இந்த சுவிட்சைப் போடும் நொதிகளில் முக்கியமானவை கைனேஸ்கள். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டிவிடும். ஒட்டினால் சில புரதங்கள் ஆன் ஆகும், சில ஆஃப் ஆகும். நிரலில் ஒரு ஃப்ளாக் பிட்டை மாற்றுவது மாதிரி.

மனித மரபணுத் தொகுதியில் இப்படி 518 புரதக் கைனேஸ்கள் இருப்பதாக 2002-இல் பட்டியல் போட்டார்கள். செல் எப்போது பிளவுபட வேண்டும், எப்போது சாக வேண்டும் என்ற முடிவுகள் பலவும் இவற்றின் வழியாகத்தான் போகின்றன. ஏதாவது ஒன்று ஆன் நிலையிலேயே சிக்கிக்கொண்டால் செல் பிளந்துகொண்டே இருக்கும். அதுதான் பல புற்றுநோய்களின் கதை.

அப்போ அந்தக் கைனேஸை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அடைப்பது கஷ்டமே இல்லை. ஒவ்வொரு கைனேஸிலும் ஏடிபி வந்து உட்கார ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் வேறொரு மூலக்கூறைச் செருகிவிட்டால் ஏடிபிக்கு இடமில்லை. சிக்கல் என்னவென்றால், எல்லாக் கைனேஸ்களும் அதே ஏடிபியைத்தான் பிடிக்கின்றன. எனவே பள்ளங்களும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒன்றில் பொருந்தும் மூலக்கூறு பக்கத்து வீட்டிலும் பொருந்தும்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்டாரோஸ்போரின். 1977-இல் ஜப்பானில் சதோஷி ஓமுராவின் குழு மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தது. இதற்கும் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு. 1986-இல்தான் இது ஒரு கைனேஸ் தடுப்பான், அதுவும் மிக வலுவான தடுப்பான் என்று தெரிந்தது. ஆனால் இது மாஸ்டர் கீ. சோதித்துப் பார்த்த கைனேஸ்களில் பெரும்பாலானவற்றை அடைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் செல்களைக் கொல்ல அருமையான பொருள். நோயாளிக்கு அப்படியே கொடுக்க முடியாது.

இமாட்டினிப் செய்த வேலை

நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9, 22 ஆகிய இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் ஆஃப் ஆவதே இல்லை. அதை அடைக்கும் இமாட்டினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முக்கிய ஆய்வில் இமாட்டினிப் எடுத்தவர்களில் 83 சதவீதத்துக்கு மேற்பட்டோர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

பள்ளங்கள் ஒரே அச்சு என்றால் இது எப்படித் தனித்துப் பிடித்தது? கைனேஸ்கள் ஆன் நிலையில் இருக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆஃப் நிலையில் ஒவ்வொன்றும் தன் பாணியில் மடங்கும். ஏபிஎல் கைனேஸ் அவ்வப்போது எடுக்கும் ஒரு ஆஃப் வடிவத்தைத்தான் இமாட்டினிப் பிடிக்கிறது. 2000-இல் ஜான் குரியன் குழு எடுத்த படிக அமைப்பு இதைக் காட்டியது.

இதுவும் நூறு சதவீதம் தனித்துப் பிடிக்கவில்லை. கிட், பிடிஜிஎஃப்ஆர் என்ற வேறு கைனேஸ்களையும் அடைக்கிறது. இந்த இடத்தில் அதிர்ஷ்டம், கிட் கைனேஸால் வரும் ஒரு வகை வயிற்றுக் கட்டிக்கும் அது மருந்தாகிவிட்டது.

புற்றுநோயும் சும்மா இருக்காது. ஏபிஎல் பள்ளத்தின் வாசலில் 315-ஆம் இடத்தில் ஒரு த்ரியோனின் இருக்கிறது. அது ஐசோலூசினாக மாறினால் இமாட்டினிப் உள்ளே நுழைய முடியாது. இந்த மாற்றத்தையும் சமாளிக்க வந்த பொனாட்டினிப் 2012-இல் அனுமதி பெற்றது. அது ரொம்ப அகலமாக அடைக்கும் மருந்து. ரத்தக் குழாய் அடைப்புகள் அதிகம் வந்ததால் 2013-இல் விற்பனையை நிறுத்தி, கட்டுப்பாடுகளோடு மறுபடி கொண்டுவந்தார்கள். 2021-இல் வந்த அசிமினிப் வேறு வழியில் போனது. ஏடிபி பள்ளத்தையே விட்டுவிட்டு, ஏபிஎல் புரதத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் சிறு குழியைப் பிடித்தது. ஆள் நடமாட்டம் இல்லாத பின்வாசல்.

பூஞ்சை ஏன் இவ்வளவு கஷ்டம்?

பாக்டீரியா நமக்கு முற்றிலும் வேறு இயங்குதளம். அதன் செல் சுவர், ரைபோசோம் எல்லாமே வேறு. அதனால் பென்சிலின் மாதிரி மருந்துகளுக்குக் குறி எளிது. பூஞ்சை அப்படியில்லை. செடியைவிட விலங்குக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். ஒரே மூல நிரலிலிருந்து சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஃபோர்க் ஆன இரண்டு கிளைகள் மாதிரி. முக்கியமான பகுதிகள் இன்னும் அதேதான்.

ரபமைசின் மாட்டிக்கொண்டது இங்கேதான். அது எந்தப் புரதத்தை அடைக்கிறது என்று 1991-இல் ஈஸ்டை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு டார் என்று பெயர். அதுவும் ஒரு கைனேஸ். செல் வளரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது. மனித செல்லிலும் அதே டார் இருக்கிறது, ரபமைசின் அதையும் பிடிக்கிறது. எதிர்ப்புச் செல்கள் பெருகாமல் போனது அதனால்தான். புற்றுநோய் செல்லின் வளர்ச்சி தடைபடுவதும் அதனால்தான்.

அதாவது தனித்தன்மை என்பது இரண்டு வெவ்வேறு பரீட்சை. புற்றுநோய்க்கு, நம் 518-இல் கெட்டுப்போன ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டும். பூஞ்சைக்கு, அதன் கைனேஸைப் பிடித்து, நம்மிடம் இருக்கும் அதன் பங்காளியை விட்டுவிட வேண்டும். முதல் பரீட்சையில் 80-க்கும் மேற்பட்ட மருந்துகள் பாஸாகிவிட்டன. இரண்டாவதில் மனிதர்களுக்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

இரண்டும் ஒரே படுக்கையில்

இது ஏட்டுச் சிக்கல் இல்லை. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு 2013 முதல் இப்ருட்டினிப் என்ற மருந்து தருகிறார்கள். அது அடைப்பது பிடிகே என்ற கைனேஸ். இந்த மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது பதிவாகியிருக்கிறது. பூஞ்சையைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களுக்கும் பிடிகே தேவைப்படுகிறது. புற்றுநோய்க்கு அடைத்த கதவு பூஞ்சைக்கு வழிவிட்டது.

சரி, பூஞ்சை மருந்து கொடுக்கலாம் என்றால் இன்னொரு முடிச்சு. வொரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் பூஞ்சையின் ஒரு சைட்டோகுரோம் நொதியை அடைக்கின்றன. நம் கல்லீரலிலும் அதே குடும்பத்து நொதி ஒன்று இருக்கிறது. இப்ருட்டினிப்பைச் சிதைப்பது அதுதான். அசோல் அதையும் அடைப்பதால் ரத்தத்தில் இப்ருட்டினிப் ஏறிவிடும். மருத்துவர் அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும். ஆம்போடெரிசின்-பி இருக்கிறது, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எக்கினோகேண்டின்கள் பாதுகாப்பானவை, ஆனால் அவற்றுக்கு மசியாத கேண்டிடா வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் வெளியிட்டது சும்மா இல்லை.

தனித்தன்மை கூடினால் பலன் உண்டா? உண்டு. அதே பிடிகேவை இன்னும் குறி பார்த்து அடைக்கும் அகலாப்ருட்டினிப்பையும் இப்ருட்டினிப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது. இதயத் துடிப்புக் கோளாறு இப்ருட்டினிப்பில் 16 சதவீதம் பேருக்கு, அகலாப்ருட்டினிப்பில் 9.4 சதவீதம் பேருக்கு. பக்கத்துக் கைனேஸ்களை விட்டுவைத்தால் அந்த அளவுக்குப் பக்கவிளைவு குறைகிறது. பிடிகேவை அடைப்பதாலேயே வரும் விளைவுகள் மட்டும் எவ்வளவு குறி பார்த்தாலும் போகாது.

இனி எங்கே தேடுகிறார்கள்?

ஒரு வழி, பூஞ்சையை நேரடியாகக் கொல்லாமல் அதன் தாக்குப்பிடிக்கும் சக்தியை உடைப்பது. டொராண்டோவில் லியா கோவன் குழு கைனேஸ் தடுப்பான்கள் தொகுப்பு ஒன்றைச் சலித்துப் பார்த்தது. கேண்டிடாவின் ஒய்சிகே2 என்ற கைனேஸை அடைக்கும் ஒரு மூலக்கூறு சிக்கியது. அதைச் சேர்த்துக் கொடுத்தால், எக்கினோகேண்டினுக்கு மசியாத கேண்டிடா மறுபடி மசிகிறது என்று 2020-இல் வெளியிட்டார்கள். அந்தக் கைனேஸுக்கும் மனிதரிடம் பங்காளி உண்டு. ஆக அடுத்த வேலை, இரண்டையும் பிரித்தறியும் மூலக்கூறு.

இன்னொரு வழி, நம்மிடம் இல்லவே இல்லாத கைனேஸைக் குறிவைப்பது. பூஞ்சைகளில் ஹிஸ்டிடின் கைனேஸ் என்ற ஒரு வகை உண்டு. மனித செல்லில் அந்த வகை இல்லை. விவசாயத்தில் விதை நேர்த்திக்குப் பயன்படும் ஃப்ளூடையாக்சோனில் இந்தப் பாதையைக் குழப்பித்தான் பூஞ்சையைக் கொல்கிறது. வயலில் நடக்கும் வேலை. மனிதருக்கான மருந்தாக மாற்றுவதுதான் பாக்கி.

அடுத்த முறை "இந்த மூலக்கூறு புற்றுநோய் செல்லைக் கொல்கிறது", "பூஞ்சையைக் கொல்கிறது" என்று செய்தி வந்தால் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: வேறு எதையெல்லாம் தொடுகிறது? ஸ்டாரோஸ்போரின்கூட இரண்டையும் கொல்லும்.